மணி அடித்தபின் எத்தனை நொடி? தீயணைப்பு, ஆம்புலன்ஸ் நிலையங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

வளரும் நகரத்தில் தீயணைப்பு நிலையத்தையும் ஆம்புலன்ஸ் நிலையத்தையும் எங்கே, எப்படிக் கட்டுவது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: எங்கள் நகரின் எல்லை விரிந்துகொண்டே போகிறது. இருக்கும் நிலையத்தை நடுவில் வைத்து வரைபடத்தில் 3 கி.மீ. வட்டம் போட்டிருக்கிறார்கள். வட்டத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்குப் புதிய நிலையம் தேவையில்லை என்கிறார்கள். இது சரியா?

பதில்: வட்டம் காக்கைக்குப் பொருந்தும், வண்டிக்குப் பொருந்தாது. தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஊரில் 3 கி.மீ. சாலைத் தூரத்துக்குள் எட்டக்கூடிய பரப்பு வட்டமாக இருக்காது, சாய்த்து வைத்த சதுரமாக இருக்கும். 3 கி.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர கி.மீ.; அந்தச் சாய்சதுரத்தின் பரப்பு 18 சதுர கி.மீ. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காகிதத்தில் மட்டுமே காப்பாற்றப்படுகிறது. நடுவில் ஓர் ஆறோ, கடக்க வழியில்லாத ரயில் பாதையோ இருந்தால் இன்னும் குறையும்.

அடுத்து, தூரத்தை நிமிடமாக மாற்ற வேண்டும். அமெரிக்காவின் தேசிய தீ பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட என்.எஃப்.பி.ஏ. 1710 தரநிலை முதல் வண்டியின் பயண நேரத்துக்கு 240 நொடி வைத்திருக்கிறது. மணி அடித்ததிலிருந்து வண்டியின் சக்கரம் உருளும் வரை தீ அழைப்புக்கு 80 நொடி, மருத்துவ அழைப்புக்கு 60 நொடி. தொலைபேசியை எடுத்து விலாசம் வாங்கும் நேரம் இவற்றில் சேராது. இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. மெத்தை, சோபா, பிளாஸ்டிக் சாமான் நிறைந்த இன்றைய அறை, தீப்பிடித்து 5 நிமிடத்துக்குள்ளேயே முழு அறையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் நிலைக்குப் போய்விடக்கூடும்.

பயண நேரத்துக்கு ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பழைய சூத்திரம் ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கிலோமீட்டரில் சொன்னால்: நிமிடம் = 0.65 + 1.06 × தூரம். இதன்படி 4 நிமிடத்தில் 3.16 கி.மீ. போகலாம், எட்டும் பரப்பு 20 சதுர கி.மீ. ஆனால் இந்தச் சூத்திரத்துக்குள் மணிக்குச் சுமார் 56 கி.மீ. வேகம் ஒளிந்திருக்கிறது. நெரிசலில் வண்டி மணிக்கு 20 கி.மீ. வேகத்தில்தான் போகிறது என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம். சூத்திரத்தின் தொடக்க 0.65 நிமிடம் போக, 4 நிமிடத்தில் 1.1 கி.மீ. தாண்டாது, எட்டும் பரப்பு 2.5 சதுர கி.மீ. ஆகச் சுருங்கிவிடும். வேகம் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் பரப்பு எட்டில் ஒன்றாகிவிடுகிறது! ஆகவே புதிய நிலையம் கேட்பதற்கு முன், அவசர வண்டி வரும்போது தானே பச்சைக்கு மாறும் சிக்னல்களுக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் பாருங்கள். பல இடங்களில் அதுவே மலிவு.

உங்கள் ஊரின் வேகத்தை ஊகிக்க வேண்டியதில்லை. வண்டிகளின் ஜி.பி.எஸ். பதிவை எடுத்து, காலை நெரிசல், நண்பகல், நள்ளிரவு என்று பிரித்துத் தூரத்துக்கு எதிராக நேரத்தைப் புள்ளி வைத்தால் கோடு தெரிந்துவிடும். சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு எத்தனை நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் அளவுகோல். நிலையத்துக்கு எதிர்வீட்டு அழைப்புகள் சராசரியை அழகாக்கிவிடும்.

இன்னொன்று. நிலையங்களை இரட்டிப்பாக்கினால் பயணத் தூரம் பாதியாகாது, சுமார் 71 சதவீதமாகத்தான் குறையும். பாதியாக்க நான்கு மடங்கு நிலையங்கள் வேண்டும். நியூயார்க் தரவுகளை வைத்து ஆய்வாளர்கள் கோலேசரும் புளூமும் 1973-இல் காட்டிய வர்க்கமூல விதி இது.

கேள்வி: நான்கு சாலை சந்திப்பின் மூலை மனை இலவசமாகக் கிடைக்கிறது. எல்லாத் திசைக்கும் போக வசதிதானே?

பதில்: இலவசம் என்பதற்காக வாங்காதீர்கள். சந்திப்பில் சிவப்பு விழுந்ததும் நிற்கும் வரிசை உங்கள் வாசலை அடைத்துக்கொள்ளும். நெரிசல் நேரத்தில் அந்த வரிசை எத்தனை மீட்டர் நீள்கிறது என்று அளந்து, அதற்கு அப்பால் வாசல் வருகிற மனையைப் பாருங்கள். வாசலுக்கு நேராக மீடியனில் (சாலை நடுத் தடுப்பில்) திறப்பும், இரு பக்கப் போக்குவரத்தையும் நிறுத்த நிலையத்துக்குள்ளிருந்தே இயக்கும் சிக்னலும் வேண்டும். ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் பாதி ஊருக்குப் போக வேண்டும் என்றால் அந்த மனை வேண்டாம். எரிபொருள் கிடங்கை ஒட்டிய மனையும் வேண்டாம்: அங்கே விபத்து நடந்தால் உதவிக்கு வர வேண்டிய நிலையமே முதலில் பாதிக்கப்படும்.

மனையின் ஆழத்தைக் கணக்கிடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். முன்தளம், அதாவது கதவுக்கும் சாலைக்கும் இடையேயுள்ள திறந்த தளம், உங்களிடம் உள்ள மிக நீளமான வண்டியைவிடக் குறைந்தது 3 மீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் வண்டி வெளியே நிற்கும்போது கதவை மூடலாம், நடைபாதையும் மறிபடாது. ஏணி வண்டி 12 மீட்டர் என்றால் முன்தளம் 15. ஒன்றன்பின் ஒன்றாக இரு வண்டி நிற்கும் கூடம் சுமார் 25. பின்பக்கம் வளைந்து வர 18 முதல் 20. ஆக 60 மீட்டர் ஆழம். பின்வழியாக நுழைந்து முன்வழியாகப் போகும் அமைப்புக்குத்தான் இவ்வளவு. மனை இதற்குப் போதாவிட்டால் ரிவர்ஸில் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். சாலையை மறித்து ரிவர்ஸ் எடுப்பது ஒவ்வொரு முறையும் ஓர் ஆபத்து; உதவியாளர் ஒருவர் பின்னால் நின்று பார்க்காமல் அதைச் செய்யக் கூடாது.

கேள்வி: வண்டிக் கூடத்தின் அளவு, கதவு, தரை பற்றி விவரமாகச் சொல்லுங்கள். எங்கள் ஒப்பந்தக்காரர் "பெரிய கார் ஷெட் மாதிரிதான்" என்கிறார்.

பதில்: அப்படிச் சொல்பவரிடம் வரைபடத்தை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். ஒரு வண்டிக்கு 5 முதல் 5.5 மீட்டர் அகலம் வேண்டும். வண்டி 2.5 மீட்டர்தான், ஆனால் பக்கக் கண்ணாடிகள் உண்டு. இருபுறமும் பெட்டிக் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஆள் நடக்கவும் வேண்டும். கதவுத் திறப்பு 4.3க்கு 4.3 மீட்டர். இரண்டு வண்டிக்குச் சேர்த்து ஒரே அகலக் கதவு வைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். மோட்டார் ஒன்று பழுதானால் இரண்டு வண்டியும் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

கதவில் இரு வகை. பக்கவாட்டில் மடங்கும் நான்கு மடிப்புக் கதவு 6 முதல் 8 நொடியில் திறந்துவிடும். மேலே ஏறும் கதவு ஏறத்தாழ இரு மடங்கு நேரம் எடுக்கும், விலை குறைவு. நேரத்தைவிடப் பெரிய வித்தியாசம், பக்கவாட்டுக் கதவு முழுதாகத் திறந்ததா என்பது ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே தெரியும். மேலே ஏறும் கதவு முக்கால்வாசி ஏறியதும் வண்டியை எடுத்து, கூரை மேலுள்ள ஏணியையோ சைரனையோ கதவோடு பிய்த்துக்கொண்டு போவது வழக்கமான விபத்து. அந்த வகைதான் முடியும் என்றால், கதவு முழுதாக ஏறிய பிறகே பச்சையாகும் விளக்கு ஒன்றை ஓட்டுநரின் பார்வை மட்டத்தில் வையுங்கள். மின்சாரம் போனால் கையால் விடுவிக்கும் கொக்கி, ஏணி போடாமல் தரையில் நின்றே எட்டும்படி இருக்கட்டும்.

தரைக்கு வருவோம். 9,000 லிட்டர் தண்ணீர் வண்டியில் தண்ணீர் மட்டுமே 9 டன். 100 மி.மீ. காங்கிரீட் போட்டால் விரைவிலேயே சக்கரத் தடத்தில் வெடிக்கும். நன்றாகக் கெட்டித்த அடித்தளத்தின் மேல் 200 மி.மீ. கம்பி கட்டிய காங்கிரீட் என்று தொடங்கி, உங்கள் வண்டியின் அச்சுச் சுமைக்கு வடிவமைப்பாளர் சரிபார்க்கட்டும். காங்கிரீட் இணைப்புகள் சக்கரம் ஓடும் இடத்தில் வரக் கூடாது. வாட்டம் 100க்கு 1. வடிகாலை வண்டிகளுக்கு இடையே போடாமல் ஒவ்வொரு வண்டியின் வயிற்றுக்கு நேர் கீழே நீளவாக்கில் போடுங்கள். சொட்டும் தண்ணீர் நடைவழிக்கு வராது. அதன் கம்பிச் சட்டம் லாரிச் சுமைக்கான ரகமாக இருக்க வேண்டும். கார் நிறுத்தத்துக்கான சட்டம் வளைந்து, பிறகு ஒவ்வொரு முறையும் சத்தம் போடும், கடைசியில் உடையும். வடிகால் சாக்கடையைத் தொடுமுன் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வேண்டும். வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். ஈர பூட்ஸோடு ஓடுகிறவர்கள் வழுக்கி விழுவார்கள்.

முன்தளம் சாலையை நோக்கி 50க்கு 1 வாட்டத்தில் இறங்கலாம். ஆனால் வாட்டம் திடீரென மாறும் இடத்தில் நீள வண்டியின் பின்பகுதி தரையில் உரசும். வண்டியின் பக்கத் தோற்றத்தை அளவோடு வரைந்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் கட்டுமுன்பே தெரிந்துவிடும்.

தண்ணீர் நிரப்ப மேலிருந்து இறங்கும் குழாய் நல்லது. 4,500 லிட்டர் தொட்டியை 5 நிமிடத்தில் நிரப்ப நிமிடத்துக்கு 900 லிட்டர் வர வேண்டும். நகரக் குழாய் இதைத் தராது என்றால் தரையடி சம்ப், அதற்கு ஒரு பம்ப். அந்தப் பம்ப் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் விட்டுப்போகும்.

கேள்வி: கம்பத்தில் வழுக்கி இறங்கும் முறை இன்னும் உண்டா?

பதில்: சில பழைய நிலையங்களில் உண்டு. 1878-இல் சிகாகோவின் 21-ஆம் எஞ்சின் குழுவில் டேவிட் கென்யன் தொடங்கி வைத்தது. புதிதாகக் கட்டுகிறவர்கள் யோசிக்க இரண்டு காரணங்கள்: கணுக்கால் காயம், மாடித் தரையில் போட்ட ஓட்டை வழியாக வண்டிப் புகை படுக்கையறைக்கு ஏறுவது. நிலம் இருந்தால் தங்குமிடத்தையும் தரைத்தளத்திலேயே வையுங்கள். மாடிதான் என்றால் அகலமான, திருப்பம் குறைந்த படிக்கட்டு. படுக்கையிலிருந்து வண்டி வரை 30 மீட்டருக்கு மேல் போகாமல் பாருங்கள். விரைவாக நடந்தாலும் அதற்கே 15 முதல் 20 நொடி. மீதி ஒரு நிமிடத்துக்குள் எழுந்து, உடுப்பு மாட்டி, ஏறி, பெல்ட் போட வேண்டும். வழியிலுள்ள கதவுகள் எல்லாம் ஓடும் திசையிலேயே திறக்கட்டும்.

கேள்வி: வீரர்களின் உடுப்புகளை வண்டிக்குப் பக்கத்திலேயே சுவரில் மாட்டி வைப்பதுதானே வேகம்? தனி அறை எதற்கு?

பதில்: வேகம்தான், ஆனால் விலை அதிகம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையையும், 2022-இல் தீயணைப்பு வீரர் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. வண்டிக் கூடத்தில் மாட்டிய உடுப்பு ஒவ்வொரு முறை எஞ்சின் கிளம்பும்போதும் புகையைக் குடிக்கிறது. தீயிலிருந்து திரும்பிய உடுப்பிலோ கரியும் எண்ணெய்ப் பிசினும் ஏறியிருக்கும். அது உலர உலரக் காற்றில் கலக்கிறது. ஜன்னல் வெயில் பட்டால் உடுப்பிலுள்ள தீ தாங்கும் அராமிட் இழையும் வலுவிழக்கும்.

ஆகவே நிலையத்தை மூன்று மண்டலமாகப் பிரிக்கிறார்கள். வண்டிக் கூடம், கழுவும் அறை, அழுக்கு உடுப்பு அறை எல்லாம் சிவப்பு. சமையல், படுக்கை, அலுவலகம் பச்சை. நடுவில் மஞ்சள்: இரு கதவுள்ள சிறு அறை, அதில் கை கழுவும் தொட்டி, பூட்ஸ் கழற்றும் பலகை, முடிந்தால் குளியலறை. வரைபடத்தில் வண்ணம் அடிப்பது சுலபம்; காற்று அதற்குக் கட்டுப்பட வேண்டுமே. பச்சைப் பகுதியில் காற்றழுத்தம் சற்றுக் கூடவும், சிவப்பில் குறையவும் மின்விசிறிகளை அமைக்க வேண்டும். எல்லா அறைக்கும் ஒரே குளிரூட்டிக் குழாய் போட்டால் அத்தனையும் வீண். உள்கூரைக்கு மேலே சுவரை மூடாமல் விட்டாலும் அதே கதி. கட்டும்போது எளிதில் விட்டுப்போவது இந்த இரண்டும்தான்.

வண்டிப் புகைக்கு, சைலன்சர் முனையிலேயே மாட்டிக்கொள்ளும் உறிஞ்சு குழாய் சிறந்தது. வண்டி வாசலைத் தாண்டும்போது அது தானாகக் கழன்றுகொள்ளும். கூரையில் மட்டும் விசிறி வைத்தால் புகை அங்கே போகும் வழியில் ஆட்களின் மூக்கைத் தாண்டித்தான் போகும்.

உடுப்பு அறை சிவப்புப் பக்கம், வண்டிக்கு ஓரிரு தப்படியில், தனி வெளியேற்று விசிறியோடு, வெயில் படாமல் இருக்கட்டும். வேகமும் கெடாது. கழுவ வீட்டு ரக வாஷிங் மெஷின் போதாது, உடுப்புக்கென்று செய்த பெரிய இயந்திரம் வேண்டும். தண்ணீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. ஒரு செட் உலரும் வரை மாட்ட இரண்டாவது செட் வேண்டும்; அதற்கும் சேர்த்தே மாட்டும் இடத்தைக் கணக்கிடுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் நாளுக்கு 12 ஆம்புலன்ஸ் அழைப்புகள்தான். ஒரு வண்டி போதும் என்று நிதிக் குழு சொல்கிறது. போதுமா?

பதில்: போதாது. ஓர் அழைப்பு என்பது போய்ச் சேருவதோடு முடிவதில்லை. நோயாளியை ஏற்றி, மருத்துவமனையில் ஒப்படைத்து, வண்டியைச் சுத்தம் செய்து, மீண்டும் தயாராக ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். 12 அழைப்புக்கு 18 மணி நேரம். 24-ஆல் வகுத்தால் 0.75; இதுதான் சுமை, அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும் வண்டிகளின் எண்ணிக்கை. தொலைபேசி இணைப்பகங்களுக்காக டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் 1917-இல் தந்த சூத்திரத்தில் இந்த எண்ணைப் போட்டால், ஒரு வண்டி இருந்தால் 43 சதவீத அழைப்புகள் வரும்போது வண்டி வெளியே இருக்கும். இரண்டு இருந்தால் அது 14 சதவீதம், மூன்று இருந்தால் 3 சதவீதம். பகல் உச்சத்தில் சுமை 1.2 ஆக ஏறினால் இரண்டு வண்டிக்கு 25, மூன்று வண்டிக்கு 9 சதவீதம். ஆக, பகலுக்கு மூன்று, இரவுக்கு இரண்டு என்று திட்டமிடலாம். இதயம் நின்றவருக்கு நெஞ்சழுத்தமும் மின் அதிர்வும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பக்கத்து நிலைய வண்டி வரும் வரை காத்திருப்பதன் விலையை நிதிக் குழு இதை வைத்து யோசிக்கட்டும்.

மூன்று வண்டிக்கும் ஒரே கட்டடம் வேண்டும் என்பதில்லை. சாமான் நிரப்புவது, கழுவுவது, கிருமி நீக்குவது எல்லாம் ஒரு பெரிய மையத்தில். நகரின் பல மூலைகளில் நிழல், கழிப்பறை, மின் இணைப்பு மட்டும் உள்ள சிறு நிறுத்தங்கள். பிரிட்டனின் ஆம்புலன்ஸ் சேவைகள் பலவும் இந்த வழிக்கு மாறியிருக்கின்றன.

மையத்தில் மறக்கக் கூடாதவை சில. ஆக்சிஜன் சிலிண்டர்களில் நிறைந்தவை வேறு, காலியானவை வேறு இடம்; நிமிர்த்திச் சங்கிலியிட்டு, எண்ணெய், கிரீஸ் படாமல். மருந்தறை 15 முதல் 25 டிகிரி. நிற்கும் வண்டியின் பேட்டரியும் கருவிகளும் சார்ஜ் ஏற, எஞ்சினைக் கிளப்பியதும் தானே கழன்று விழும் பிளக். மறந்துபோய்க் கம்பியோடு கிளம்பும் வண்டிகள் எங்கும் உண்டு. கழிவுப் பைகளை வண்டியிலிருந்து நேராக வெளியேற்றும் வழி, சமையலறை வழியாக அல்ல.

தீயணைப்பும் ஆம்புலன்ஸும் ஒரே கட்டடம் என்றால், அதிகம் ஓடும் ஆம்புலன்ஸ் கூடத்தையும் அவர்களின் படுக்கையறையையும் ஓரமாகப் பிரித்துவையுங்கள். கதவை மட்டும் தீயணைப்பு வண்டி அளவுக்கே வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு அந்த உயரம் தேவையில்லைதான், ஆனால் பின்னாளில் வண்டிகளை இடம் மாற்ற முடியாமல் தவிக்க வேண்டாம்.

கேள்வி: இரவு மணி அடித்தால் எல்லாரும் தூக்கிவாரிப் போட்டு எழுகிறோம், அழைப்பு எங்கள் வண்டிக்கு இல்லாவிட்டாலும்.

பதில்: படுக்கையறைகளைத் தனித்தனியாகத் தடுத்து, எந்த வண்டிக்கு அழைப்போ அந்தக் குழுவின் அறையில் மட்டும் மணியும் விளக்கும் இயங்கும்படி இணைப்பு கொடுக்கலாம். ஒலி மெதுவாகத் தொடங்கி ஏறட்டும். விளக்கு சிவப்பாக மங்கலில் தொடங்கட்டும், இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. கம்பிகளைக் கட்டும்போதே இழுத்துவிட்டால் செலவு சிறியது.

கேள்வி: நிலநடுக்கம், வெள்ளம் வந்தால் நிலையமே நிற்குமா?

பதில்: சாதாரணக் கட்டடமாகக் கட்டினால் சந்தேகம்தான். முன்பக்கம் முழுக்கக் கதவுத் திறப்பு, சுவரே இல்லை. பக்கவாட்டு உலுக்கலில் அந்த முகம் சாய்ந்து கதவுச் சட்டம் கோணிவிடும். கட்டடம் விழாவிட்டாலும் வண்டி வெளியே வராது. ஆகவே கதவுகளுக்கு இடையே உள்ள தூண்களையும் மேல் உத்தரத்தையும் விறைப்பான சட்டமாக வடிவமைக்க வேண்டும். நிலநடுக்க விசைக்கான முக்கியத்துவக் காரணி, அதாவது அவசரக் கட்டடங்களுக்கு விசையைக் கூட்டிக் கணக்கிடும் பெருக்கெண், இந்திய ஐ.எஸ். 1893 தரநிலையின் 2016 பதிப்பில் 1.5, ஐரோப்பியத் தரநிலையான யூரோகோட் 8-இல் 1.4; இதைக் குறைத்துப் போட யாரும் யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெள்ளத்துக்கு, ஜெனரேட்டர், மின் பலகை, எரிபொருள் தொட்டி மூன்றும் மேடான இடத்தில். ஜெனரேட்டரை மேலே ஏற்றிவிட்டு எரிபொருள் பம்பைத் தரையில் விட்டால் பயனில்லை. எரிபொருள் 72 மணி நேரத்துக்கு. நிலையத்துக்கு வரும் சாலையும் முழுகாமல் இருந்தால்தான் இத்தனைக்கும் அர்த்தம்.

கேள்வி: பணம் போதவில்லை. எதைக் குறைக்கலாம்?

பதில்: முகப்பு அலங்காரம், கூட்ட அரங்கு, பளிங்குத் தரை. தாராளமாகக் குறையுங்கள். குழல் உலர்த்தும் கோபுரமும் கட்டாயமில்லை. செயற்கை இழைக் குழல்களுக்கு உலர்த்தும் அலமாரி போதும். நிலம், தரைக் காங்கிரீட், கதவு மோட்டார், ஜெனரேட்டர், புகை உறிஞ்சி ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். நான்கு கூடத்துக்கு நிலம் வாங்கி இரண்டு மட்டும் கட்டலாம். அப்போது ஓரச் சுவரைச் சுமை தாங்காத சுவராகக் கட்டி, அதற்கு அடியில் மின்கம்பிக்கும் தண்ணீருக்கும் வெற்றுக் குழாய்களைப் பதித்து முனையை மூடிவிடுங்கள்.

கேள்வி: கட்டி முடித்து ஒப்படைக்கும்போது என்ன சோதிக்க வேண்டும்?

பதில்: திறப்பு விழாவுக்கு முன்பு, தண்ணீர் நிரப்பிய உண்மையான வண்டிகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு கதவு வழியாகவும் உள்ளே விட்டு வெளியே எடுங்கள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டர் எத்தனை நொடியில் ஏற்கிறது, அதுவும் நின்றால் கதவைக் கையால் திறக்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். வண்டிக் கூடத்துக்கும் தங்குமிடத்துக்கும் இடையேயுள்ள ஒவ்வொரு கதவின் அடி இடுக்கிலும் ஊதுபத்தியைக் காட்டுங்கள்: புகை கூடத்தை நோக்கிப் போனால் காற்றழுத்தம் சரி, படுக்கைப் பக்கம் திரும்பினால் விசிறிகளைச் சரிசெய்யும் வரை ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையை விடாதீர்கள்.